கதவுக்குள் இருந்த கம்பி

மெர்சியின் கால்களைப் பறித்தவன் நான். அந்தப் பிக்கப் ஓட்டுநர் அல்ல... நான்!

மூன்று வருடங்களாக இதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட இல்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால்தான் சொல்லத் துணிகிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம் என்று நீங்கள் நினைத்தால், அது சரிதான்.

ஏற்காட்டில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறேன். மெர்சியின் கணவன் வினோத் ஒரு காப்பி எஸ்டேட்காரரின் மகன். இரண்டே கதவுகள் உள்ள வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தான். எங்கள் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்து, திரும்பிய நொடியில் மறுபடி பாய வேண்டும். கனம் குறைந்தால்தான் பாயும். நூறு கிலோவைக் குறைத்துத் தரும்படி என்னிடம் கேட்டான்.

பின் சீட்டு, ஸ்டெப்னி, தரைவிரிப்பு, சத்தத்தை அடக்கும் தார் அட்டை... கழற்றியதையெல்லாம் காப்பி மூட்டை நிறுக்கும் எஸ்டேட் தராசில் வைத்துப் பார்ப்போம். பட்டறைக் கதவில் சாக்பீஸால் எழுதுவேன். முன் சீட்டுகளுக்குப் பதிலாக லேசான சீட்டுகளும், இரு தோள்களையும் இறுக்கிப் பிடிக்கும் பந்தயக் கார் பெல்ட்டுகளும் பொருத்தினேன். தொண்ணூற்றிரண்டு கிலோவில் நின்றுவிட்டது. அதற்குமேல் கழற்ற எதுவும் இல்லை.

“உடுங்கண்ணா. மிச்சத்தைக் கோயமுத்தூர்ல குடுத்துப் பாத்துக்கறனுங்க. அவுங்ககிட்ட எல்லா மிசினும் இருக்குதுங்க” என்றான் வினோத்.

அவன் என்னைக் கேலி செய்யவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோயமுத்தூர்க்காரன் முடிப்பானா? நான் முடிக்க மாட்டேனா?

மறுநாள் அவன் சேலத்துக்குப் போயிருந்தான். காரின் கதவுகளைப் பிரித்தேன். ஒவ்வொரு கதவுக்குள்ளும் குறுக்கே ஒரு கனத்த இரும்புக் கம்பி உண்டு. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால், உள்ளே இருப்பவர் நசுங்காமல் தாங்குவது அதுதான். இது எனக்குத் தெரியாதா? தெரியும்... நன்றாகவே தெரியும்! தெரிந்துதான் அறுத்தேன். கதவுக்கு நான்கு கிலோ வந்தது. கம்பிகளைப் பரண்மேல் போட்டுவிட்டு, பட்டறைக் கதவில் நூறு என்று எழுதினேன்.

“மிச்சத்தை எங்கிருந்துங்கண்ணா எடுத்தீங்க?” என்று திரும்பி வந்த வினோத் கேட்டான்.

“அடியில கொஞ்சம் தகடு இருந்துச்சு கண்ணு.”

என் வாயால் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். அவன் காரை எடுத்துக்கொண்டு அடிவாரம்வரை போய்த் திரும்பி வந்தான். “நொம்ப லேசா பறக்குதுங்கண்ணா!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவனும் மனைவியும் அந்தக் காரில் மாதா கோயிலுக்குப் போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்ததால் வினோத் மெதுவாகத்தான் ஓட்டியிருக்கிறான். கரடியூருக்குச் சாலை பிரியும் இடத்தில், காப்பி மூட்டை ஏற்றி வந்த பிக்கப் ஒன்று, பிரேக் பிடிக்காமல் வழுக்கி வந்து இடது பக்கக் கதவில் மோதியது. மெர்சி உட்கார்ந்திருந்த பக்கம். பெரிய வேகம் இல்லை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் கதவு அவளுடைய இடுப்புவரை உள்ளே போய்விட்டது. முதுகெலும்பு முறிந்து, இரண்டு கால்களும் செயலிழந்தன. வினோத் சிராய்ப்புகளோடு தப்பினான்.

நொறுங்கிய கார் என் பட்டறைக்கே வந்து சேர்ந்தது! விசாரிக்க வந்தவர்கள் பிக்கப்பின் பிரேக்கைத்தான் துருவிப் பார்த்தார்கள். இந்தக் கதவைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அப்போதாவது வாய் திறந்தேனா? அவர்கள் போனதும் கதவுகள் இரண்டையும் வெட்டித் துண்டுதுண்டாக்கிப் பழைய இரும்போடு அனுப்பிவிட்டேன். கம்பி இருந்திருந்தால் அவள் இன்று நடந்துகொண்டிருப்பாளா? தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையும் நானே அழித்துவிட்டேன்...

பிக்கப் ஓட்டியவர் பக்கத்திலுள்ள வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர். அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. எஸ்டேட்டில் கூலி வேலைக்குப் போகிறார். ஒருநாள் டீக்கடையில் என்னிடம், “ஒரு பொண்ணு காலை முறிச்சுப்போட்ட பாவிங்க நானு” என்று சொல்லி அழுதார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். டீ மட்டும்தான் கொடுத்தேன்!

மெர்சியோ, என்னைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்கிறாள். “நீங்க மாட்டுன பெல்ட்டுதானுங்கண்ணா உசுரக் காப்பாத்துச்சு. இல்லீன்னா நான் ஏதுங்க?” அவள் இதைச் சொல்லும்போது எனக்குச் செத்துவிடலாம்போல இருக்கும். ஆனால் சாகவும் இல்லை, சொல்லவும் இல்லை. தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

போன வாரம் கூப்பிட்டு அனுப்பினாள். “இந்தச் சக்கர நாற்காலி நொம்ப கனமுங்கண்ணா. ஊட்டு வாசல் மேட்டுல தள்ளி ஏத்த முடியறதில்லீங்க. நீங்க காரையே லேசாக்குனவரு... இதுலயும் வேண்டாததைக் கழட்டிட்டு, கொஞ்சம் எடையைக் கொறச்சுக் குடுங்க.”

நாற்காலி என் பட்டறைக்கு வந்து ஒன்பது நாளாகிறது. ஸ்பானரை எடுக்கிறேன், கீழே வைக்கிறேன். எதைக் கழற்றலாம்? எது வேண்டாதது? தலைக்கு மேலே பரணில் அந்த இரண்டு கம்பிகளும் அப்படியே கிடக்கின்றன. நாற்காலி இங்கே இருப்பதால், ஒன்பது நாளாக அவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

நேற்று போன் செய்தாள். “அவசரமில்லீங்கண்ணா, பொறுமையாவே செய்யுங்க. உங்க கை பட்டாச் சரியா இருக்கும்.”

சரி என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை... சரி என்றுதான் சொன்னேன்!