மாத்திரையை நிறுத்திய காரணம்

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து என்னைத் தஞ்சாவூர் டாக்டரிடம் அழைத்துப் போவது அண்ணன்தான். எங்கள் பக்கத்தில் நோயாளி தனியாகப் போகும் வழக்கமில்லை. கூடப் போகிறவரே பேசுவார். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்பார். "நல்லா சாப்பிடுறான், தூங்குறான், வயலுக்கும் வர்றான்" என்று அண்ணன் சொல்லிவிடுவார். நான் தலையாட்டுவேன்.

மாத்திரையால் தூக்கம் வந்தது. யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம் போனது. மனைவியோடு சேர முடியாமலும் போனது. அதை அண்ணனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இரண்டு முறை நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு முறையும் பயம் திரும்பி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. நான் மறந்துபோகிறேன் என்று நினைத்த அண்ணன், தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, நான் விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். மனைவி கூடத்தில் படுக்கத் தொடங்கியிருந்தாள். மறுபடியும் நிறுத்திவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

சென்ற குறுவைச் சாகுபடியில், டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளன்றே வாய்க்காலில் எங்கள் தண்ணீர் முறையும் வந்தது. அண்ணன் மடையை விட்டு நகர முடியாது. மனைவி வந்தாள்.

டாக்டர் பெண், எங்களைவிட வயதில் சிறியவர். தூக்கம், பசி எல்லாம் விசாரித்துவிட்டு, குரலை மாற்றாமலே, "இந்த மாத்திரையால சிலருக்கு உடலுறவுல சிரமம் வரும். உங்களுக்கு எப்படிங்க?" என்றார்.

நான் மேசையைப் பார்த்தபடி சொன்னேன். "இருக்குங்க. அதனாலதான் ரெண்டு தடவையும் நிறுத்துனேன்."

மனைவி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "மாத்திரையாலயா?"

"ஆமாங்க," என்றார் டாக்டர். "நிறைய பேருக்கு உண்டு, சொல்ல மாட்டாங்க. வேற மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திடலாம். நீங்களா மட்டும் நிறுத்தாதீங்க. உங்க அண்ணனை வெளியில உக்காரச் சொல்லிட்டு நானும் எப்பவோ கேட்டிருக்கணும்."

திருவாரூர் பஸ் அம்மாப்பேட்டையைத் தாண்டியது. மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வேற யாரோ இருக்காங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

"எனக்கா? அண்ணன் கண்ணுல மண்ணத் தூவிட்டா?"

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வயலிலிருந்து அண்ணன் போன் செய்தார். மாத்திரையை மாற்றுகிறார்கள் என்றேன். "ஏன்டா, நல்லாத்தானே இருக்கே?" என்றார். மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே நானே கூட்டிட்டுப் போறேன் மாமா. ராத்திரி மாத்திரையும் நானே குடுத்துக்குறேன். நீங்க தண்ணியப் பாருங்க."

புது மாத்திரைக்குப் பழகச் சில வாரங்கள் ஆயின. தூக்கம் கெடவில்லை. பயமும் வரவில்லை. மற்றது மெல்லத்தான் திரும்பியது, ஆனால் திரும்பியது. மாத்திரையை நிறுத்தலாமா என்ற யோசனை அதன்பின் எனக்கு வரவே இல்லை.