கறை கழித்த சூரியன்

சூரியனில் ஓட்டை விழுந்துவிட்டதாம். அக்காவுக்குத் துணி தைத்துத் தருகிறவள் சொன்னாள். அவளிடம் திரைச்சீலை தைக்கக் கொடுத்த ஒருத்தி சொன்னாளாம். அந்த ஒருத்தியின் மருமகன் எங்கோ பெரிய இடத்தில் இருக்கிறானாம், படத்தையே காட்டினானாம். ஓட்டை வழியாக என்னவோ கொட்டப் போகிறதாம், இந்த வாரம் முடிவதற்குள் கையில் இருக்கிற போனெல்லாம் தீய்ந்து போகுமாம். அக்காவிடம் வந்து சேர்வதற்குள் அந்தச் செய்திக்குக் கண் காது மூக்கு முளைத்து, கால் முளைத்து நடக்கவும் ஆரம்பித்திருந்தது.

"ஏண்டி, நீதானே தினம் சூரியனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே? ஓட்டை விழுந்தா வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்று அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"அது ஓட்டை இல்லக்கா. எக்ஸ்ரே படத்துல அந்த இடம் கறுப்பாத் தெரியும், அவ்வளவுதான். அடிக்கடி வரும், போகும்."

"அப்போ போன் தீயாதா?"

"நீ பேசுற பேச்சுக்குத் தீஞ்சாத்தான் உண்டு."

அக்கா கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். அக்காவின் கோபம் மறுநாள் காலை வரைகூடத் தாங்காது என்பது குடும்பத்துக்கே தெரியும்.

தங்கைக்கு 'வெயில் சித்தி' என்று பெயர். வைத்தது அக்கா மகள். பள்ளிக்கூடம் போகிற வயதில் கிண்டலாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அக்கா வீட்டுக்காரர், அக்கம்பக்கம், ஏன், சித்தியின் சொந்தப் புருஷன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "நான் நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வர்றேன், ஒருத்தனும் மதிக்கிறதில்ல. இவ உக்காந்த இடத்துலேருந்தே சூரியனுக்குப் போயிட்டு வந்துடுறா" என்பார் வீட்டுக்கு வருகிறவர்களிடம்.

பெயர்தான் வெயில். வேலை பார்க்கிற அறைக்கு ஒரு ஜன்னல் கிடையாது. திரைகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விளக்கை மங்கலாக வைத்திருப்பார்கள். இயந்திரங்களுக்காகப் போட்டிருக்கும் குளிரில் விரல் விறைத்துப்போகும். வெளியே கொளுத்துகிற வெயிலில் குடை பிடித்து வந்து, உள்ளே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு சூரியனைப் பார்ப்பவள் அவள்.

இந்தச் சூரியக் கண்காணிப்பு நிலையத்துக்கு வருவதற்கு முன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். நுரையீரல், முழங்கால், விழுந்து உடைந்த மணிக்கட்டு. மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க, ஆச்சு, இறங்கலாம். பெண்கள் என்றால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: "முழுகாம இருக்கீங்களா?" சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள், சிலர் யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். அங்கே படத்தில் நிழல் தேடிப் பழகிய கண்ணுக்கு, படங்களைப் பார்த்துச் சொல்ல ஆள் தேவை என்று இந்த நிலையம் விளம்பரம் கொடுத்தபோது வேலை கிடைத்தது. என்ன, ஆஸ்பத்திரியில் கதிர் ஆளைத் துளைத்துக்கொண்டு போகும். இங்கே கதிரை விடுவதே படம் எடுக்கப்படுகிற ஆள்தான். அசையாதே என்றாலும் கேட்காது.

பூமியின் காற்று எக்ஸ்ரே கதிரை விழுங்கிவிடும் என்பதால் தொலைநோக்கி செயற்கைக்கோளில் இருக்கிறது. அது அனுப்பும் படத்தில் நமக்குத் தெரிந்த அந்த வட்டம் கறுப்பாக இருக்கும். அதைச் சுற்றிக் கொதிக்கிற வாயு மட்டும்தான் ஒளிரும், வளைவு வளைவாக, அடுப்பில் பழுத்த கம்பியை வளைத்து வைத்ததுபோல. எந்த இடம் பிரகாசமாகிறது, எது வீங்குகிறது, எது வெடிக்கலாம் என்று பார்த்துக் காலையில் ஓர் அறிக்கை எழுத வேண்டும். விமான நிறுவனங்கள், கப்பல்கள், மின்வாரியம் என்று பலருக்கும் அது போகும். பலரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தத் தொலைநோக்கிக்கு ஒரு குறை இருந்தது. முகப்பில் மூடியிருக்கும் மெல்லிய உலோகத்தாளில் என்றைக்கோ பொடித்துகள் பட்டு ஊசித்துளைகள் விழுந்துவிட்டன. அவற்றின் வழியாகச் சாதாரண வெளிச்சம் கசிந்து, ஒவ்வொரு படத்திலும் மேற்கு ஓரத்தில் ஒரு மங்கலான கறையாக விழும். கறையை அங்கே போய்த் துடைக்க முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். செயற்கைக்கோளுக்கும் அந்தி உண்டு. அது பூமிக்குப் பின்னால் போய் மறைகிற சின்ன நேரத்தில் எக்ஸ்ரே கதிரை நடுவில் வருகிற பூமியின் காற்று தின்றுவிடும்; சாதாரண வெளிச்சம் மட்டும் வந்து சேரும். அப்போது எடுக்கிற படத்தில் சூரியன் இருக்காது, வெறும் கறைதான் இருக்கும். அந்தக் கறைப்படத்தை எல்லாப் படங்களிலிருந்தும் கழித்துவிட்டால் சுத்தமான சூரியன். கறை மெல்ல மாறும் என்பதால் அவ்வப்போது புதிதாக எடுக்க வேண்டும்.

அதை எடுப்பதுதான் தலைவலி. கொஞ்சம் தாமதித்தால் ஒரே இருட்டு. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் இருட்டுதான் வந்தது. சித்திக்கு வீண் பிடிக்காது. செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்புகிறவரிடம், "இந்தத் தடவை கொஞ்சம் முன்னாடியே எடுத்துருங்க, சார்" என்றாள். திங்கட்கிழமை மத்தியானம் அப்படியே எடுத்தார். கறை பளிச்சென்று வந்தது. படங்களிலிருந்து கழிக்க அதையே போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கூப்பிட்டாள். விமானத்தில் பணிப்பெண் அவள். பேச்சில் எப்போதும் ஒரு துள்ளல் இருக்கும். அன்று குரலை அடக்கிப் பேசினாள்.

"சித்தி, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"உங்க சித்தப்பா இருக்காரு. டிவி பாக்குறேன்னு தூங்குறாரு. சொல்லு."

"அம்மா சொன்ன ஓட்டைக் கதையெல்லாம் நான் நம்பல. ஆனா நிஜமாவே சூரியன்ல ஏதாவது இருக்கா?"

"எதுக்குடி கேக்குற?"

"முழுகாம இருக்கேன் சித்தி" என்றாள். "அம்மாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, அவருக்கும் எனக்கும்தான். போன தடவை ஊரெல்லாம் சொல்லிட்டு அப்புறம் ஒவ்வொருத்தருக்கா இல்லைன்னு சொன்னதே போதும்."

போன தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா மகளோடு உட்கார்ந்திருந்தது சித்திதான்.

"கம்பெனில சொன்னா அன்னிக்கே தரையில உக்கார வெச்சிருவாங்க. நாளைக்கு மத்தியானம் வட துருவத்து வழியா ஒரு ஃப்ளைட். அதுல பரிட்சை. ஒரு அதிகாரி கூடவே வந்து நான் வேலை பாக்குறதைப் பாப்பாரு. தேறிட்டா நான்தான் அடுத்த தலைமைப் பணிப்பெண். இத முடிச்சிட்டு மறுநாளே சொல்லிடுறேன். துருவத்து மேல சூரியன் கோவிச்சுக்கிட்டா விமானத்துக்குள்ளேயும் கதிர் வரும்னு நீங்கதானே சொன்னீங்க? வேணாம்னு நீங்க சொன்னா நான் போகல. காய்ச்சல்னு சொல்லிடுறேன். பரிட்சை போனாப் போகுது."

"என் தலையில ஏண்டி வைக்கிற?"

"வேற யார் தலையில வைக்கிறது? உங்களைத் தவிர வேற யாரு சூரியனைப் பாக்குறா?"

சித்திக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் போகாதே என்று சொல்லிவிட்டால் தேவலை என்றுதான் முதலில் தோன்றியது. வானத்தில் ஒன்றும் இல்லாமல் அப்படிச் சொல்வது பொய் சொன்னதாகிவிடும் என்றும் தோன்றியது. "காலைல படத்தைப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணாத" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வழக்கத்தைவிட முன்னாடியே போய் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு சின்ன ஒளிப் புள்ளிகள், பேச்சுமூச்சு இல்லை. வடக்கே அக்காவின் ஓட்டை, கறுப்பாக, சமர்த்தாக. போன வாரம் முழுக்கப் படுத்தி எடுத்த பெரிய பகுதி மேற்கு ஓரத்தைத் தாண்டிப் பின்பக்கம் போயிருந்தது. அதன் தலைமாட்டு வளைவுகள் ஓரத்துக்கு மேலே எட்டிப் பார்க்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். துடைத்து வைத்த தட்டுபோல இருந்தது. துருவத்துக்குக் கதிர் வருவதென்றால் பெரும்பாலும் மேற்கு ஓரத்திலிருந்துதான் வரும். அங்கே ஒன்றும் இல்லை. அறிக்கையில் 'அமைதி' என்று எழுதி அனுப்பிவிட்டு, வராந்தாவுக்குப் போய்ப் போன் செய்தாள்.

"தைரியமாப் போயிட்டு வா. சூரியன் தூங்குது."

"நிஜமா?"

"நிஜமா."

"உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும், சித்தி" என்று அந்தப் பெண் சத்தமாக முத்தம் கொடுத்துவிட்டு வைத்தாள். பழைய துள்ளல் வந்துவிட்டது.

அறையில் அவளுக்கு அடுத்த மேசை 'மீட்டர்' என்கிற ஆளுடையது. படமெல்லாம் அவருக்கு வேண்டாம். சூரியனிலிருந்து வருகிற மொத்த எக்ஸ்ரே எவ்வளவு என்று இன்னொரு கருவி ஒரு கோடாகப் போட்டுக்கொண்டே போகும். அந்தக் கோட்டைக் காப்பதுதான் அவர் வேலை.

"என்னம்மா, சூரியன் தூங்குதுன்னு எழுதியிருக்கீங்க?" என்றார் அவர், டீயை ஊதியபடி.

"ஆமா. ஏன்?"

"இல்ல, குறட்டை பலமா இருக்கு. கோடு இறங்கவே மாட்டேங்குது. அந்தப் பெரிய பகுதி மறைஞ்ச அப்புறம் இறங்கணுமில்ல?"

"உங்க மீட்டரை ஒரு தட்டு தட்டிப் பாருங்க."

"தட்டியாச்சு. நல்லாத்தான் இருக்கு. நீங்க உங்க சூரியனைத் தட்டிப் பாருங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டீயைக் குடித்தார். சித்தி எரிச்சலோடுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தன் படத்தில் இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் சேர்த்தால் அவர் கோட்டில் பாதிக்கும் கீழே நின்றது. மீதி எங்கிருந்து வருகிறது?

கறை கழிக்காத மூலப் படத்தைத் திறந்தாள். மேற்கு ஓரத்தில் வெளிச்சம் இருந்தது. கறைதானே, இருக்கும்தான் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் நேற்றைய கறைப்படத்தைத் திறந்து வைத்தாள். இரண்டிலும் அதே இடத்தில் அதே வெளிச்சம். திரையின் மாறுபாட்டைக் கூட்டினாள்.

கறைப்படத்தில் வளைவுகள் இருந்தன.

கசிந்த வெளிச்சம் பூசினாற்போல விழும்; அதற்கு வளைவு கிடையாது. முன்னாடியே எடுங்கள் என்று இவள் சொன்னதும், கட்டளை அனுப்புகிறவர் ரொம்பவே முன்னாடி எடுத்துவிட்டார். சூரியன் முழுதாக மூழ்கவில்லை. மற்ற பக்கமெல்லாம் காற்றுக்குப் பின்னால் போய், கடைசியாக அமிழ வேண்டிய மேற்கு ஓரம் மட்டும் எக்ஸ்ரேயோடு மிச்சமிருந்திருக்கிறது. அந்த ஓரத்து வளைவுகளையும் கறை என்று கணக்கில் வைத்து, நேற்றிலிருந்து வந்த ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒழுங்காகக் கழித்திருக்கிறாள். பழைய கறைப்படத்தைப் போட்டுக் கழித்தபோது, ஓரத்துக்கு மேலே அவை உயர்ந்து நின்றன. நேற்றைவிட இன்னும் உயர்ந்திருந்தன.

"மீட்டர் சார், கொஞ்சம் வாங்க."

அவர் வந்து பார்த்தார். கிண்டல் ஒன்றும் வரவில்லை. "பெரியவருக்குச் சொல்லிடுங்க" என்றார்.

பெரியவர் என்பது நிலைய அதிகாரி. போனில் முழுதாகக் கேட்டார். "வெடிச்சிருச்சா?"

"இல்ல சார். வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். அமைதின்னு எழுதினது தப்பு."

"சரி, திருத்திப் போடுங்க. நம்ம பண்ணின தப்புன்னே எழுதுங்க. சூரியன் தலையில போடாதீங்க."

எழுதினாள். மேற்கு ஓரத்தில் வெடிப்புக்கு வாய்ப்பு, துருவ வழிகள் கவனம் என்று போட்டு அனுப்பினாள். அக்கா மகளின் விமானக் கம்பெனிக்கும் போகும், அவர்கள் படித்தால் வழியைக் கொஞ்சம் தெற்கே தள்ளலாம், படிக்காமல் போகலாம். இவ்வளவு வாய்ப்புக்கெல்லாம் யாரும் விமானத்தை நிறுத்துவதில்லை, நிறுத்தவும் வேண்டியதில்லை. உள்ளே உட்கார்ந்து போகிற நூற்றுக்கணக்கான பேருக்கு அது பெரிய விஷயமும் இல்லை.

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி அக்கா மகளைக் கூப்பிட்டாள். மணி போனது. எடுக்கவில்லை. விமானம் கிளம்ப நேரம் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் பணியாளர்களையெல்லாம் ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசுவார்கள், அங்கே போனைத் தொடவே கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். பரிட்சை அதிகாரி எதிரே உட்கார்ந்திருப்பார். 'போகாதே, நான் சொன்னது தப்பு, உடனே கூப்பிடு' என்று செய்தி அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது, பார்த்த அடையாளம் இல்லை.

அக்காவுக்குச் சொல்லலாம். அக்காவுக்கு விஷயமே தெரியாது. தெரிந்தால் விமான நிலையத்துக்கே போய் நிற்பாள், ஊருக்கே தெரிந்துவிடும். கம்பெனிக்குப் போன் செய்து அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அவள் புருஷன் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல்.

மீட்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "கோடு கொஞ்சம் ஏறுது. பெருசா இல்ல. பதறாதீங்க."

"சரி சார்" என்றாள் திரும்பாமல்.

மறுபடியும் அந்தப் பெண்ணின் எண்ணையே அழுத்திக் காதில் வைத்தாள். ஸ்வெட்டரைக் கழற்ற மறந்திருந்ததால் வராந்தா வெயிலில் கழுத்து வியர்த்தது. மணி போய்க்கொண்டே இருந்தது.