பிரபுவின் கதையில் நான் அறியாத பகுதி

புதிதாகக் குடியேறியவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பின் கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. ஆளுக்கொரு பழைய கதையைத் தந்து, அதைச் சொந்த வசனத்தில் சொல்ல வேண்டும் என்றார்கள். எனக்கு வந்தது மத்திய காலத்துப் பிரெஞ்சுப் பிரபு ஒருவனின் வாழ்க்கை.

செல்வாக்கில்லாத குடும்பத்தில் பிறந்தவன், அரண்மனைக்குப் போய் அரசனின் வலது கையாகிவிட்டான். அவனைக் கேட்காமல் அங்கே எதுவும் நடக்காது. அரசன் இறந்ததும், அவன்மேல் வன்மம் வைத்திருந்த புது அரசனின் சித்தப்பா அவனைச் சிறையில் போட்டார். களவுக் குற்றம் சாட்டினார்கள், எடுபடவில்லை. உடனே சூனியம் செய்தான் என்றார்கள். தூக்கிலிட்டார்கள். உடலைக்கூட இறக்கவில்லை.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டோர்வலில், விமானச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் எனக்கு வேலை. தட்டுகளை அடுக்கியபடியே முணுமுணுத்துப் பழகினேன். பக்கத்தில் நின்று வேலை செய்த தமிழ் அண்ணை ஒருவர், தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். சொன்னேன்.

"பிழை செய்திட்டம் எண்டு பேந்து ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"தந்த தாளில அவ்வளவுதான் அண்ணை இருக்கு."

ஊரில் சண்டை நடந்த காலத்தில் அவருடைய தமையனையும் யாரோ பொய்யாகக் காட்டிக்கொடுத்துத்தான் கொண்டுபோனார்கள் என்று அப்போது சொன்னார். ஆள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அந்தக் கதையைப் பழக எனக்கு வாய் வரவில்லை.

பரீட்சையில் தட்டுத்தடுமாறித் தூக்குமேடை வரை வந்து நின்றேன்.

"பிறகு?" என்றார் பரீட்சகர், நரைத்த தலைமுடியுடன் ஒரு பெண்மணி.

"தெரியாது. என்னோடு வேலை செய்கிறவரும் அதைத்தான் கேட்கிறார்."

அவர் பேனாவை வைத்துவிட்டு, பிரெஞ்சிலேயே ஆறுதலாகச் சொன்னார். பிறகு உடலை இறக்கி முறைப்படி அடக்கம் செய்தார்களாம். பல வருடங்கள் கழித்து அந்தச் சித்தப்பா நோயில் விழுந்தபோது, ஏழைகளுக்குத் தானம் கொடுத்து, அந்தப் பிரபுவுக்காகக் கடவுளிடம் மன்றாடச் சொன்னாராம். ஒரு சொல்லையும் திருப்பிக் கேட்காமல் எனக்கு எல்லாம் விளங்கியது. வெளியே வந்த பிறகுதான் அதுவே உறைத்தது. பிறகு பாஸ் என்றும் அறிவித்தார்கள்.

அடுத்த நாள் அண்ணையிடம் சொன்னேன்.

"அப்ப, செய்தவனுக்கே அது பிழை எண்டு விளங்கியிருக்கு."

"ஓம் அண்ணை."

"அது காணும், அவ்வளவும் போதும்."

அன்று சாப்பாட்டு இடைவேளையில் தமையனைப் பற்றி மறுபடி கதைத்தார். சைக்கிள் பழகப் போய்ப் பள்ளிக்கூட மதிலில் மோதி, மதில்தான் குறுக்கே வந்தது என்று சாதித்தவராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.