சூசை மாமாவின் நீல விளக்கு

எங்கள் நெல்லித்தோப்புத் தெருவில் சூசைநாதன் மாமாவின் வண்டியைத் தள்ளாத ஆளே கிடையாது. அதன் பின்கண்ணாடித் தூசியில் ‘தள்ளுவண்டி’ என்று நான் விரலால் எழுதிவைத்தேன். மறுநாள் பார்த்தால், அதற்குக் கீழே ‘மெதுவாகத் தள்ளவும்’ என்று மாமாவின் கையெழுத்து இருந்தது. அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

மாமா தேங்காய்த்திட்டில் ஐஸ் கம்பெனி மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சில் இருக்கும் மகன் ஜோசப் ஆனந்த் இரண்டாயிரத்து எட்டில் அந்த வண்டியை வாங்கிக் கொடுத்தான். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும், கிளட்சை மிதித்தால் தானாகக் கிளம்பும். அப்போது தெருவுக்கே அது அதிசயம்.

சகாயம் அத்தைக்கு மட்டும் அது பயம். முதல் தடவை மரப்பாலம் சிக்னலில் இன்ஜின் அடங்கியதும், “வண்டி செத்துப்போச்சுங்க” என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டார். மாமா உடனே ஒரு கடையில் நிறுத்தி, டாஷ்போர்டில் வேளாங்கண்ணி மாதா சொரூபம் வைத்து, அதன் காலடியில் சின்ன நீல பல்பும் போட்டார். இன்ஜின் நின்றாலும் மாதா அணையக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கடைக்காரன் ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டான். அப்புறம் ஒவ்வொரு சிக்னலிலும் மாமா சொல்வார்: “பயப்படாத, வெளக்கு எரியுது பாரு.”

போன தவக்காலத்தில் அத்தை இறந்துபோனார். அதற்குப் பிறகு வண்டி ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு மட்டும்தான் போனது. முன்சீட்டில் மாமா யாரையும் உட்காரவிடுவதில்லை. முதலில், சிக்னலில் இன்ஜின் அணைவது நின்றது. பிறகு ஒரேயடியாகக் கிளம்புவதே நின்றது. பேட்டரியை இரண்டு முறை மாற்றியும் அதே கதை.

மகன் போனில் தீர்த்துச் சொல்லிவிட்டான்: “இன்னொரு தடவ நின்னுச்சுனா வித்துடுங்கப்பா. தனியா இருக்கற ஆளுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி?” வாங்க ஆளும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அந்த ஆள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது மாமா வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வண்டி மறுபடி படுத்துக்கொண்டது. மகனுக்குச் சொல்லாமல், மாமா அரியாங்குப்பத்திலிருந்து எலக்ட்ரீஷியன் கலியமூர்த்தியை வரவழைத்தார். கலியமூர்த்தி பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை மாட்டி, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். எதைப் பிடுங்கியும் மீட்டர் காட்டிய கரண்ட் குறையவில்லை.

“எங்கயோ கரண்ட் போய்கினே இருக்குதுங்க. வண்டியில வேற ஏதாவது மாட்னீங்களா?”

“ஒண்ணும் மாட்லப்பா.”

மாமா பொய் சொல்லவில்லை. மாதாவை அவர் கரண்ட் கணக்கில் சேர்க்கவில்லை. நாங்களும்தான்; வண்டியைத் தள்ளியபோதெல்லாம் அந்த விளக்கைப் பார்த்திருக்கிறோம். கலியமூர்த்தி வெயிலைக் கையால் மறைத்து டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார்.

“இது எப்பவும் எரியுதா?”

“எரியும்.”

“இதாங்க திருடி. மாதா மன்னிக்கணும். தெனமும் ஓட்னப்ப பேட்டரி ஏறிக்கிச்சு, தெரியல. இப்ப சும்மா நிக்குது, வெளக்கு மட்டும் குடிச்சிகினே இருக்குது.”

“அத அணைச்சுடாதப்பா.”

“அணைக்கலிங்க. சாவியோட சேத்துடறேன். சிக்னல்ல இன்ஜின் தானா நின்னாலும் சாவி போட்டபடிதான இருக்கும், வெளக்கு எரியும். வீட்ல சாவிய எடுத்தா மட்டும் அணையும்.”

“வீட்லதான்பா எரியணும்.”

எதற்கு என்று கலியமூர்த்தி கேட்டார். எனக்குத் தெரியும். மாமாவின் கட்டில் ஜன்னல் ஓரம். அங்கே படுத்தால் வண்டியின் முன்சீட்டு தெரியும், நீல வெளிச்சத்தோடு.

“வெளக்கு வேணும்னா வண்டி கெளம்பாது ஐயா. நீங்களே சொல்லுங்க.”

மாமா வெகுநேரம் பானட்டைத் துணியால் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

“சரி. சாவியோடயே போடு.”

வேலை முடிந்ததும் கலியமூர்த்தி சொன்னார்: “தவளக்குப்பம் வரைக்கும் போய்ட்டு வாங்க. சிக்னல்ல தானா நின்னா பேட்டரி தேறிடுச்சுனு அர்த்தம். நிக்கலனா வண்டிக்கு வேற நோவு இருக்குது.”

தெருவே தள்ளி வண்டியைக் கிளப்பியது; துணைக்கு நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். வழியில் தள்ளவேண்டி வந்தால் இன்னொரு ஆள் வேண்டாமா? போகும்போது மரப்பாலத்தில் இன்ஜின் நிற்கவில்லை. அது உறுமிக்கொண்டே இருந்தது, மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது அதே சிக்னலில் சிவப்பு. மாமா கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சிலிருந்து காலை எடுத்தார். வண்டி லேசாக ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. பக்கத்தில் நின்ற பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்பதுகூடக் கேட்டது.

டாஷ்போர்டில் நீல பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மாமா இடப்பக்கம் திரும்பினார். “பயப்படாத,” என்றார் காலி சீட்டைப் பார்த்து. “வெளக்கு எரியுது பாரு.”

நான் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

“எரியுது மாமா,” என்றேன்.

பச்சை விழுந்தது. மாமா கிளட்சை மிதிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று நானும் சும்மா இருந்தேன்.