சிவப்புக் காருக்கு நாமக்கல்லில் பிரேக்

கவின், யாழினி, ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒருமுறை காரவள்ளி மலையடி வரை உங்களை அழைத்துப்போகப் போகும் சிவப்புக் காருக்கு எப்படிப் புது பிரேக் போட்டுவந்தேன் என்று எழுதுகிறேன். படித்துவிட்டுச் சண்டை போடாதீர்கள், சின்னவள்தான் முதலில்.

அது எங்கள் சேகோ மில் முதலாளியின் அப்பா வாங்கிய பந்தயக் கார். என்னைவிட வயதில் மூத்தது. இரண்டே இருக்கை. முன்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் பேடு தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியது. "அதை மட்டும் சரி பண்ணிட்டா உன் பசங்களை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போப்பா" என்றார் முதலாளி. அதற்குப் புதுப் பேடு எங்கும் கிடைக்கவில்லை. லாரிக்கு பிரேக் கட்டும் நாமக்கல்லில் பழைய பேடின் தகட்டிலேயே லைனிங் என்கிற உராய்வுப் பட்டையைப் புதிதாக ஒட்டித் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

காலை ஆறு மணிக்கு ஆத்தூரில் கிளம்பினேன். மல்லியகரை, நாமகிரிப்பேட்டை, இராசிபுரம் வழியாக ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். முன்னால் பஸ் நின்றால் அரை பர்லாங்குக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவேன். நாமகிரிப்பேட்டையில் களம் முழுக்க மஞ்சள் காய்ந்தது. அங்கே பன்னிரண்டு ரூபாய்க்கு நல்ல டீ.

ஒன்பது மணிக்கு நாமக்கல் பட்டறை. லாரிகளுக்கு நடுவே இந்தக் கார் அவற்றின் சக்கர உயரம்கூட இல்லை. பட்டறைக்காரர் செல்லமுத்து குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, மீதி வண்டி பின்னால வருதுங்களா?"

"இவ்ளோதாண்ணே வண்டியே."

சிரித்துக்கொண்டே பேடுகளைக் கழற்றினார். தேய்ந்ததைச் சுரண்டி, புது லைனிங்கை ஒட்டி, இறுக்கிச் சூடேற்றி, ஆறவைத்து மாட்டும்போது மணி மூன்று. பேடு இப்போது தடிமன் என்பதால் பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்ட வேண்டியிருந்தது. நான் சாவியைப் போட்டதும் அவர் மனைவி ராசம்மாள் ஓடிவந்தார்.

"நில்லு சாமி! பழம் வெக்காம வண்டி எடுப்பாங்களா?"

நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார். நானும் கும்பிட்டுவிட்டு வண்டியை நகர்த்தினேன். பழம் நசுங்கியது. நிறுத்தலாம் என்று பிரேக்கை மிதித்தால் கால் தரையில் போய் முட்டியது. பிரேக்கே இல்லை! எதிரே முட்டை ஏற்றிய வேன். கை பிரேக்கைப் பிடுங்குவதுபோல் இழுத்தேன். ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

வேன்காரர் எட்டிப் பார்த்தார். "ஆம்லெட் வேணும்னா கேட்டு வாங்குங்க. இப்புடியா வாரது?"

செல்லமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "புதுப் பேடு மாட்டுனா முதல்ல பெடல அமுக்கி அமுக்கி பிஸ்டன முன்னால கொண்டாரணும். நானும் அமுக்கல, உங்களுக்கும் சொல்லல. இவ சூடத்தோட வந்து நின்னுட்டா!"

"எம்பட பழந்தான் உங்களக் காப்பாத்துச்சு, பேசாம இருங்க" என்றார் ராசம்மாள்.

ஐந்தாறு தடவை அமுக்கியதும் பெடல் கல்லுபோல் ஆனது. வழியெல்லாம் மிதித்து மிதித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நின்றது. ஆனால் கால் தரையில் முட்டியது மனதைவிட்டுப் போகவில்லை. அந்தப் பக்கத்து இருக்கையில் உங்களை எப்படி உட்காரவைப்பேன்?

பொழுது சாய ஆத்தூர் வந்தேன். சேகோ மில்லில் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஜவ்வரிசி காயவைக்கும் சிமென்ட் களம் காலியாக இருந்தது. முப்பது கிலோ ஜவ்வரிசிப் பை ஒன்றைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்து சீட் பெல்ட் மாட்டினேன். யாழினி, கிட்டத்தட்ட உன் எடை. வேகமாக ஓட்டி மிதித்தேன். கார் கோடு போட்டதுபோல் நேராக நின்றது. பை லேசாக முன்னால் சாய, என் இடக்கை தானாகப் போய் அதைப் பிடித்துக்கொண்டது.

திருப்பி ஓட்டினேன். மறுபடியும் கை போனது.

மூன்றாம் முறை மிதித்தபோது இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. பையை இறக்கி வைத்துவிட்டு, இனி ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் போதும் என்று காருக்கு உறை போட்டு மூடினேன்.