தொரைக்குப் பக்கத்து இலை

மொழிபெயர்ப்பாளன் வேலை என்பது இரண்டு பேருக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் அசடு வழிவது. சம்பளம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பார்க்காதவர்களும் வீட்டில் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் சேதி சொல்லிப் பழகியிருப்பீர்கள், ஆகவே நாமெல்லாம் ஒரே ஜாதிதான்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை கட்டினார்கள். அதில் இயந்திரம் பொருத்த டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் என்ற எஞ்சினியர் வந்தார். ஊருக்கு அவர் வெறும் தொரை. சர்ச் சாமியார்கள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்து, இங்கிலீஷில் பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை அவருக்கு நாக்காக வைத்தார்கள். அவர் போகிற இடமெல்லாம் நானும் போக வேண்டும். அவர் அதிகம் போனது சாப்பாட்டுக் கடைகளுக்கு.

அவித்த உருளைக்கிழங்கு

ஆலையின் கெஸ்ட் ஹவுஸில் கோவிந்தன் என்று ஒரு சமையல்காரர் இருந்தார். வெள்ளைக்காரர்கள் அவித்ததைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள் என்பது அவருடைய முடிவு. உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவித்தார். பன்னிரண்டாம் நாள் தொரை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஃபிட்டர்களும் டிரைவர்களும் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ் என்றேன். நாளையிலிருந்து தனக்கும் அங்கேதான் என்று சொல்லிவிட்டார்.

இதைக் கோவிந்தனிடம் யார் சொல்வது? நான்தான். உள்ளபடி சொல்ல வாய் வரவில்லை. தொரைக்கு ஊர் பார்க்க ஆசை, அதனால் கொஞ்ச நாள் வெளியே சாப்பிடுவார் என்று பூசி மெழுகினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவிச்சது புடிக்கலைன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே தம்பி, பன்னெண்டு நாளா நானும் அதையேதான் தின்னுட்டு இருக்கேன்."

எந்த ஊரு, எந்தத் தெரு

மெஸ் முதலாளி தொரையைப் பார்த்ததும் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். ஃபேனுக்கு நேர் கீழே மேஜையைத் துடைக்கச் சொல்லி இரண்டு இலை போட்டார். தொரை ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சோற்றுக்குக் காத்திருந்தார். முதலாளி என் பக்கம் திரும்பி, தம்பிக்கு எந்த ஊரு என்றார். இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நம்மில் சிலருக்கு நன்றாகத் தெரியும். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள்.

எனக்குத் திருமானூர் பக்கம் ஒரு கிராமம். கிராமம்கூட இல்லை, அதற்கு வெளியே இருக்கும் காலனி. அப்பா அடுத்தவர் கரும்பை வெட்டுகிறவர். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்கு டம்ளர் வேறு, நிற்கும் இடம் வேறு. சொன்னால் தொரைக்குப் பக்கத்து இலை போகுமா, வேலையே போகுமா என்று தெரியாது. ஏதோ ஒன்று போய்விடும் என்ற பயம் மட்டும் நிச்சயமாக இருந்தது. திருச்சி, பாலக்கரை என்றேன். பரீட்சை சமயத்தில் அங்கே பத்து நாள் தங்கியிருக்கிறேன், அவ்வளவுதான் எனக்கும் அந்த இடத்துக்கும் உள்ள உறவு. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் ஜீப் டிரைவர் செல்வராஜும் அதைக் கேட்டு மனதில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கவளத்தையும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் விழுங்கினேன், ஊர்க்காரர் யாராவது வந்துவிடுவார்களோ என்று. முதலாளிக்கோ என் பதிலில் ஏக திருப்தி.

"அதானே பாத்தேன், டவுன்காரப் புள்ளைன்னு மூஞ்சிலயே எழுதியிருக்கு."

சூடும் காரமும்

தொரை ஒரு வாய் காரக்குழம்பு சாப்பிட்டுவிட்டு 'ஹாட், ஹாட்' என்றார். கல்லூரியில் அந்தச் சொல்லுக்கு நான் படித்த அர்த்தம் ஒன்றுதான். குழம்பு சூடாக இருக்கிறதாம் என்றேன். சர்வர் வாளியைத் தூக்கிப் போய் ஆற்றிக்கொண்டு வந்தார். மறுபடியும் 'ஹாட்' என்றார். மறுபடியும் ஆற்றினார். மூன்றாவது தடவை தொரைக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. எனக்கு அர்த்தம் புரிந்துவிட்டது, ஆனால் பி.ஏ. படித்தவன் தப்பை ஒப்புக்கொள்வதா என்று இன்னும் கொஞ்சம் ஆற்றச் சொன்னேன்.

"சார், ஏழாவது ஃபெயிலு நானு, ஆனா தொரை அழுவறது சூட்டால இல்லைன்னு எனக்கே தெரியுது."

பெரம்பலூர் பாய் கடை

சனிக்கிழமைகளில் லாரியில் வந்து இறங்கும் சாமான்களைப் பார்க்கப் பெரம்பலூர் போவோம். அங்கே ஒரு பாய் கடையில் பரோட்டா. தொரை பிறவியிலேயே இடது கைக்காரர். இடது கையால் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்துச் சாப்பிட்டார். கடைக்கார பாய் என்னைத் தனியே அழைத்து, தப்பா நினைக்க வேண்டாம், சாப்பிடுகிற கை எதுவென்று அவருக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டார். எடுத்துச் சொல்லியிருக்கலாம். இடது கைக்கு இங்கே என்ன வேலை என்று வெள்ளைக்காரரிடம் விளக்க எனக்குக் கூச்சம். அதனால் தொரைக்கு வலது கையில் நரம்பு அடிபட்டிருக்கிறது என்று பாயிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பாய் ஒரு பாட்டில் எண்ணெயோடு நின்றார். தொரையின் வலது கையைத் தன் மடியில் வைத்து முழங்கையிலிருந்து விரல் வரை நீவிவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் கை நீவுவது இந்த ஊர் உபசாரம் போலிருக்கிறது என்று தொரை என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். மூன்று வாரம் இப்படியே நடந்தது. நாலாவது வாரம் கடை வாசலிலேயே ஜீப் டயர் பஞ்சராகி, தொரை அந்தக் கையாலேயே ஸ்டெப்னியைத் தூக்கி இறக்கினார். பாய் கண் கலங்கிவிட்டார். என் பொய்க்காக ஒரு மனுஷன் மூன்று வாரம் வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாஷா அல்லா, அஞ்சு வேளையும் கேட்ட துவா வீண் போவலை, இனிமே சோத்துக் கையாலயே சாப்பிடச் சொல்லுங்க தம்பி."

ஆணியில் தொங்கிய டம்ளர்

தை மாசம் ஒரு மத்தியானம். வெல்லம் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டும் என்று தொரை சொன்னதால் திருமானூர் பக்கம் போய்விட்டுத் திரும்பினோம். ரோட்டோரம் ஒரு டீக்கடையில் செல்வராஜ் ஜீப்பை நிறுத்திவிட்டார். எங்கள் காலனியிலிருந்து நாலு மைல்தான். கடைக்காரருக்கு என்னைத் தெரியாது என்பது ஒரு ஆறுதல். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணாடி கிளாஸில் டீ வந்தது.

கரும்பு வெட்டிவிட்டு ஏழெட்டுப் பேர் வந்து கடைக்கு வெளியே நின்றார்கள். கூரைக் காலில் ஆணி அடித்து வரிசையாக அலுமினிய டம்ளர்கள் மாட்டியிருந்தன. ஆளுக்கு ஒன்றை எடுத்து நீட்ட, கடைக்காரர் கை படாமல் மேலிருந்து டீயை ஊற்றினார். குந்திக் குடித்துவிட்டு அவர்களே கழுவி மறுபடியும் மாட்ட வேண்டும். அதில் மூன்றாவது ஆள் என் அப்பா. என்னைப் பார்த்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தார்.

அவர்களுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர் என்று தொரை கேட்டார். சுத்தத்துக்காக என்றேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. தொரைக்கு அந்த ஏற்பாடு பிடித்துவிட்டது. எழுந்து வெளியே போய், டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பக்கத்திலேயே குனிந்து தன் கிளாஸைக் கழுவினார், பிறகு அதை மாட்ட ஆணி தேடினார். கடைக்காரர் பதறி ஓடிவந்து, அது உங்களுக்கில்லைங்க தொரை என்று கிளாஸைப் பிடுங்கினார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

தொரை சிரித்துக்கொண்டே அப்பாவைக் காட்டி, இந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேள் என்றார். பின்னால் செல்வராஜ் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து, "பெரியவரே" என்றேன். பெற்ற அப்பாவை. அவர் என்னைப் பார்த்தார், செல்வராஜைப் பார்த்தார், பிறகு "சொல்லுங்க சார்" என்றார். கேள்வியைச் சொன்னேன். ஒரே மகன், படித்துவிட்டு வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறான் என்றார். தொரையிடம் சொன்னேன். அப்படியானால் மகனை நினைத்து அவருக்குப் பெருமையாக இருக்குமே என்றார் தொரை. அதையும் அப்பாவிடம் சொன்னேன். அப்பா டம்ளரை ஆணியில் மாட்டிவிட்டு, துண்டு கக்கத்தில் இருந்தபடியே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமான்னு சொல்லுங்க சார்."

ஐந்து வருஷம் அந்த வேலை பார்த்ததில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது அந்தப் பதிலை மட்டும்தான்.