வேலைக்கு வந்தவனுக்கு வைத்தியம்

சுடலைமுத்து விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்ட அன்று எங்கள் துறையில் யாருக்கும் மதியச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பேச்சு, கேட்கும் திறன் இரண்டிலும் வரும் குறைபாடுகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் சின்னத் துறை எங்களுடையது. காது சோதிக்க ஆடியோமீட்டர், ஸ்பீச் தெரபிக்கு ஓர் அறை, ஆசிரியர்கள் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கு நாங்கள். சுடலை எங்களிடமே எம்.எஸ்சி. முடித்தவன். சீவலப்பேரிக்காரன், நல்ல மூளை. ஆனால் அவனுக்குத் திக்கும். லேசாக இல்லை, நன்றாகவே திக்கும்.

துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவனுடைய ஆய்வேட்டுக்கு நான்தான் வழிகாட்டி என்பதால், அவன் தும்மினாலும் நான்தான் பொறுப்பு என்பது அவர் எண்ணம்.

“எம்மா, நீங்க அவன்ட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா? பேசாம பிஎச்.டி. பண்ணச் சொல்லுங்க. மெஷின் பக்கத்துல உக்காந்து டேட்டா பாக்கட்டும். அங்கன வாயத் தெறக்க வேண்டாம்லா?”

எனக்குச் சுருக்கென்றது. “திக்குதவனுக்கு நாம சொல்லிக் குடுக்கலாம். அவன் சொல்லிக் குடுக்கக் கூடாதோ சார்?”

“கோவப்படாதீங்க. கிளாஸ்ல அவன் கூனிக்குறுகி நின்னுறக் கூடாதேன்னு சொல்லுதேன்.”

மனிதர் கெட்டவர் இல்லை. அவன்மேல் நிஜமான பாசம் உண்டு. அதுதான் பெரிய தொல்லை.

சுடலையிடம் கேட்டேன். “ஏம்ப்பா, ஆராய்ச்சியும் நல்ல வேலைதான?”

“ஆ... ஆராய்ச்சியும் செய்வேன் மேடம். ஆனா பாடம் எடுக்கணும். இத்தன வருசமா எனக்குத் திக்கலப் பத்திச் சொல்லிக் குடுத்த ஒருத்தருக்குமே தி... திக்காதுல்லா? நீச்சல் தெரியாதவங்க கரையில நின்னு நீச்சல் சொல்லிக் குடுத்த மாதிரி இருந்துது.”

நானும் அந்தக் கரையில் நின்றவள்தான். சிரிப்பு வந்துவிட்டது. “சரி, இண்டர்வியூவுக்கு வா. நானும் இருப்பேன். ஆனா சலுகையா ஒரு மார்க்குகூடப் போட மாட்டேன், பாத்துக்க” என்று சொல்லி அனுப்பினேன்.

பெயர் என்ன?

தேர்வுக் குழுவில் மூன்று பேர்: துறைத்தலைவர், சென்னையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், நான். கேள்விகளோடு ஒரு மாதிரி வகுப்பும் உண்டு. சுடலை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தான். நிபுணர் பெயரைக் கேட்டார். திக்குகிறவர்களுக்குச் சொந்தப் பெயரைச் சொல்வதுதான் பெரும்பாடு. முதல் எழுத்திலேயே அவன் நின்றுவிட்டான்.

“பதறாதலே. மூச்ச நல்லா இழுத்து விடு” என்றார் தலைவர்.

“மூச்செல்லாம் அப்புறம். தம்பி, முதல் எழுத்தை லேசாத் தொட்டு ஆரம்பிங்க” என்றார் நிபுணர்.

“மூச்சு சரியா இல்லாம தொடக்கம் எப்படி சார் சரியா வரும்?”

“நீங்க பழைய முறையிலயே இருக்கீங்க சார்.”

கல்யாண வீட்டுக்குப் போன மளிகைக்கடைக்காரர் அங்கேயும் அரிசியை அள்ளிப் பார்ப்பார் இல்லையா, அப்படித்தான் இதுவும். எந்த முறை நல்லது என்று இருவரும் மல்லுக்கு நிற்க, நடுவில் பையன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். நிபுணரின் தாளை எட்டிப் பார்த்தேன். மதிப்பெண் போட வேண்டிய கட்டத்தில் ‘அடைப்பு, இமைத் துடிப்பு’ என்று அவனுடைய திக்கலின் அறிகுறிகளை எழுதி வைத்திருந்தார்!

போச்சு, பிள்ளை எழுந்து போய்விடப் போகிறான் என்று நினைத்தேன். எழுந்தான். ஆனால் போகவில்லை.

“சார், நான் வே... வேலைக்கு வந்திருக்கேன். வைத்தியத்துக்கு வரல.”

அவன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனான்.

“மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னீங்கள்லா, எ... எடுக்கேன். திக்குதவன் பேசும்போது எதிர்ல இருக்கவங்க என்ன சார் செய்யணும்?”

நிபுணர் முதலாம் ஆண்டு மாணவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “குறுக்கிடாம, பொறுமையாக் கேக்கணும்.”

“அப்ப அதைச் செ... செய்வோம் சார்.”

அப்புறம் அவன் எடுத்தான் பாருங்கள், அது பாடம்! கேட்கிறவர் அவசரப்பட்டால் பேசுகிறவரின் தொண்டையில் என்ன நடக்கும் என்று படம் போட்டான். கால்வாசி நேரம் திக்கலிலேயே போயிருக்கும். நாங்கள் குறிப்பு எடுக்கத் தொடங்கியிருந்தோம். நிபுணர் இரண்டு சந்தேகம் வேறு கேட்டார். கடைசியில் தாளில் எழுதியதை அடித்துவிட்டு மதிப்பெண்ணைப் போட்டு, முதலில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “திங்கக்கிழம வந்து சேந்துருலே” என்றார்.

வெளியே டீ குடிக்கும்போது நிபுணர் அவனிடம், “தம்பி, சென்னைக்கு வந்து எங்க பசங்களுக்கும் இந்த வகுப்பை எடுப்பீங்களா?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவன் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டான்.

மூன்று பேரும் டம்ளரும் கையுமாக நின்றோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது.

“வாரேன் சார்” என்றான்.

ஒரு மாணவனை ஆராய்ச்சிக்கோ ஆசிரியர் வேலைக்கோ அனுப்பப்போகும் இளைய நண்பர்களே, உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவன் எங்கே போக வேண்டும் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், அவன் பேசி முடிக்கட்டும்.